உலகப் புகழ்பெற்ற அரும்பொருள்கள் கொழும்புக்கு ஏன் வருவதில்லை?

கொழும்பில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: பண்டைய எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறைப் பொருள்கள், சீனத்துச் சுடுமண் வீரர்கள், பெரியோர்களின் வாழ்க்கையைச் சொல்லும் கண்காட்சிகள் எல்லாம் லண்டன், பாரிஸ், டோக்கியோ என்று ஊர் ஊராகச் சுற்றும்போது கொழும்புப் பக்கம் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை, "உலகப் பொக்கிஷங்கள்" என்ற விளம்பரத்தோடு ஏதாவது வந்தால் அது அசலா நகலா என்று எப்படி அறிவது, அதற்கு மாணவர்களை அழைத்துச் செல்வதில் பயன் உண்டா?

முதற் கேள்விக்குச் சுருக்கமான விடை இதுதான். கண்காட்சி முடியும்வரை ஒரு பொருளுக்கு ஏதேனும் நேர்ந்தால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்கும்போது, அதைக் கடனாகக் கொடுக்கும் அருங்காட்சியகம் நம்பக்கூடிய விடையைச் சொல்லும் நகரங்களுக்கே அசற்பொருள்கள் போகின்றன. மற்ற நகரங்களுக்குப் பிரதிகளும் படப் பலகைகளும் போகின்றன. பார்வையாளர் குறைவு என்பதைக் காரணமாகச் சொல்ல நான் தயங்குவேன். 2012 ஆகஸ்டில், புத்தருடையவை எனப் போற்றப்படும் கபிலவஸ்து புனித தாதுக்கள் இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டபோது இலட்சக்கணக்கானோர் மணிக்கணக்கில் வரிசையில் நின்று வணங்கினார்கள். அது வழிபாடு, நூதனசாலைக் கண்காட்சி அன்று என்பது உண்மைதான். ஆனால் இரண்டு அரசுகள் நேரடியாகப் பொறுப்பேற்றால் மிக அரிய பொருளும் இங்கு வந்து பத்திரமாகத் திரும்ப முடியும் என்பதற்கு அது சான்று.

கல்யாணத்துக்கு நகை இரவல் கொடுக்கும் வீட்டார் போலத்தான் பெரிய அருங்காட்சியகங்களும் நடந்துகொள்கின்றன. கேட்பவரின் ஆசை எவ்வளவு பெரியது என்று அவர்கள் பார்ப்பதில்லை. எங்கே வைப்பீர்கள், யார் காவல், திரும்பி எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். துட்டன்காமுனின் கதையைச் சற்று விரிவாகப் பார்த்தால் இந்தக் கேள்விகள் எப்படி வளர்ந்தன என்பது தெரியும்.

ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தது 1922 நவம்பரில். ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1972 இல் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஐம்பது பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பொன் முகமூடியும் அவற்றுள் ஒன்று. பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கிடைத்த வருவாய், அஸ்வான் அணைகளால் நீரில் மூழ்கிய ஃபிலே தீவின் கோயில்களைப் பெயர்த்து உயரமான இன்னொரு தீவில் நிறுத்துவதற்காக யுனெஸ்கோ திரட்டிய நிதிக்குச் சென்றது. நம் நாட்டவருக்கு இதில் ஓர் உறவு உண்டு: எகிப்தின் நூபியப் பகுதியைக் காப்பாற்ற யுனெஸ்கோ தொடங்கிய அந்தப் பன்னாட்டு முயற்சியின் வழியில்தான், 1980 இல் அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகியவற்றை உள்ளடக்கிய கலாசார முக்கோணத் திட்டம் இலங்கையில் தொடங்கப்பட்டது. ஆக, அந்தக் காலத்துப் பெருங்கண்காட்சிகள் வெறும் வேடிக்கை காட்டப் புறப்பட்டவை அல்ல. பொருளின் சொந்த நாட்டில் அழிந்துகொண்டிருந்த வேறொன்றைக் காப்பாற்றப் பணம் தேடிப் புறப்பட்டவை.

அடுத்து 1976 முதல் 1979 வரை ஐம்பத்தைந்து பொருள்கள் அமெரிக்க நகரங்களைச் சுற்றின. ஏறத்தாழ எண்பது இலட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. நுழைவுச்சீட்டுக்காக இரவு முழுக்க நடைபாதையில் மக்கள் காத்துக் கிடந்ததும், நினைவுப் பொருள் விற்பனை என்பது அருங்காட்சியகங்களின் பெருந்தொழிலாக மாறியதும் அப்போதுதான். அதன் பிறகு ஜெர்மனிக்குப் போன சுற்றில் செல்கெட் என்ற பெண் தெய்வத்தின் சிலை சேதமடைந்தது. எகிப்தில் எழுந்த எதிர்ப்பின் விளைவாகத் துட்டன்காமுன் பொருள்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாட்டை விட்டு வெளியே போகவில்லை. 2004 இல் மறுபடியும் தொடங்கிய சுற்றுகளில் பொன் முகமூடி சேர்க்கப்படவில்லை. 2019 இல் பாரிஸில் பதினான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்த கண்காட்சியில் நூற்றைம்பது பொருள்கள் இருந்தன. முகமூடி அப்போதும் கெய்ரோவிலேயே இருந்தது. விளம்பரத் தட்டிகளில் முகமூடி போலத் தோன்றியது, உள்ளுறுப்புகளை வைத்த சிறு பொற்பேழையின் முகம். இதைத் தெரியாமல் போனவர்கள் ஏமாற்றம் அடைந்திருப்பார்கள். ஏமாற்றியவர் எவரும் இல்லை என்றாலும், விளம்பரம் எழுதியவருக்கு அந்த மயக்கம் பிடித்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

சுடுமண் வீரர்களின் வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. 1974 இல் சீனாவின் சியான் நகருக்கு அருகே கிணறு வெட்டிய விவசாயிகளின் கண்ணில் பட்ட, பேரரசர் ஒருவரின் கல்லறைக்குக் காவலாகப் புதைக்கப்பட்டிருந்த அந்தச் சுடுமண் படையின் சில உருவங்கள், 2007 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு எட்டரை இலட்சம் பேரை இழுத்தன. பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் பிலடெல்பியாவில், மாலை விருந்தொன்றுக்கு வந்த இளைஞன் இருட்டில் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்து ஒரு வீரனின் கட்டைவிரலை உடைத்து எடுத்துக்கொண்டு போனான். விரல் மீட்கப்பட்டது. செல்வமும் காவலும் மிகுந்த ஊரிலேயே இப்படி நடக்குமென்றால், புதிய ஊருக்கு அனுப்பும் முன் கடன் கொடுப்பவர் எத்தனை கேள்வி கேட்பார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஒரு பொருள் புறப்படும் முன் அதன் ஒவ்வொரு கீறலும் வெடிப்பும் படத்தோடு பதிவு செய்யப்படும்; அதை நிலை அறிக்கை என்பார்கள். அதிர்வைத் தாங்கும் மெத்துப் பொருள் இட்ட இரட்டைப் பெட்டியில் அது அடைக்கப்படும். சொந்த அருங்காட்சியகத்தின் அலுவலர் ஒருவர் விமானத்திலும் லொறியிலும் கூடவே பயணம் செய்வார். போய்ச் சேர்ந்த இடத்தில் பெட்டியை உடனே திறக்க மாட்டார்கள். உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றோடு ஒத்துப்போக வழக்கமாக ஒரு முழு நாள் விடுவார்கள். அதன் பிறகுதான் நிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கீறல் கீறலாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். திரும்பும்போது இவ்வளவும் மறுபடி நடக்கும்.

இங்கேதான் கொழும்பின் காற்று குறுக்கே வருகிறது. பெரும்பாலான அருங்காட்சியகங்கள் தங்கள் பொருள் இருக்கும் அறையின் ஈரப்பதன் நூற்றுக்கு 40 முதல் 60 வரைக்குள், இரவும் பகலும் அதிக ஏற்ற இறக்கமின்றி நிற்க வேண்டும் என்று எழுதிக் கேட்கின்றன. கடலோரத்துக் கொழும்பில் வெளிக்காற்றின் ஈரப்பதன் இரவில் 80 ஐத் தாண்டுவது சாதாரணம். குளிரூட்டியைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அலுவலகம் மூடும்போது நிறுத்திக் காலையில் மறுபடி போடும் குளிரூட்டி, அதைப் போடாமலே இருப்பதை விடக் கெடுதலானது. ஏனெனில் மரமும் தந்தமும் வண்ணப் பூச்சும் ஈரத்தை உறிஞ்சி விரிவதும் உலர்ந்து சுருங்குவதுமாக நாள்தோறும் இழுபட்டே வெடிக்கின்றன. ஆகவே இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் இயந்திரம், மின்சாரம் தடைப்பட்டால் உடனே தொடங்கும் மின்பிறப்பாக்கி, அதற்கும் ஒரு மாற்று என்று ஏற்பாடு வேண்டும். 2022 இல் நாள்தோறும் மணிக்கணக்கில் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த நமக்கு, இந்த நிபந்தனையின் எடை விளக்காமலே புரியும். துணி, காகிதம், ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு ஒளியும் 50 லக்ஸ் அளவுக்குள் அடங்க வேண்டும். நம்முடைய மாநாட்டு மண்டபங்களின் வழக்கமான விளக்கொளி அதைப் பல மடங்கு தாண்டும்.

காற்றை விடப் பெரிய தடை காப்புறுதி. நூற்றுக்கணக்கான மில்லியன் டொலர் பெறுமதி சொல்லப்படும் பொருள்களுக்குச் சந்தை விலையில் காப்புறுதி எடுத்தால் கட்டணமே கண்காட்சியை விழுங்கிவிடும். அதனால்தான் அமெரிக்கா 1975 இலும் பிரித்தானியா 1980 இலும், இழப்பு நேர்ந்தால் அரசே ஈடு செய்யும் என்ற உத்தரவாதத்தைச் சட்டமாக்கின. கடனாக வந்த பொருளை வழக்குப் போட்டுப் பறிமுதல் செய்ய இடம் தராத சட்டம் அமெரிக்காவில் 1965 இலிருந்தே உண்டு. இந்த இரண்டு சட்டங்களும் இல்லாவிட்டால் இன்றைய பெருங்கண்காட்சி மரபே உருவாகியிருக்காது. அரசு உத்தரவாதத்தின் மதிப்பு அந்த அரசின் கடன் நம்பகத்தைப் பொறுத்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை இடைநிறுத்துவதாக அறிவித்த ஓர் அரசு, "உடைந்தால் நாங்கள் தருகிறோம்" என்று சொல்லும் கடிதத்தைக் கெய்ரோவிலோ பாரிஸிலோ எவ்வாறு வாசிப்பார்கள்? கலை ஆர்வம் இல்லாத ஊர் என்று கொழும்பை எவரும் ஒதுக்கவில்லை. பொருளாதார நெருக்கடியின் விலைப்பட்டியலில் அரிசியும் எரிவாயுவும் மட்டுமல்ல, நாம் பார்க்காமற் போன கண்காட்சிகளும் இருக்கின்றன.

நம் அயலிலேயே நடந்த ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். 2007 டிசம்பரில் பங்களாதேசத்தின் பழம்பொருள்கள் பாரிஸின் கிமே அருங்காட்சியகத்துக்குக் கடனாகப் புறப்பட்டபோது, டாக்கா விமான நிலையத்தில் ஒரு பெட்டி காணாமற் போனது. அதில் குப்தர் காலத்துச் சுடுமண் விஷ்ணு சிலைகள் இரண்டு இருந்தன. பின்னர் உடைந்த துண்டுகளே கிடைத்தன. கண்காட்சி கைவிடப்பட்டது. ஏற்கெனவே அந்நாட்டில் பலர் இந்தக் கடனை எதிர்த்து வந்தார்கள். விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் ஓர் இரவு நேர்ந்த கவனக்குறைவு அவர்கள் பக்கம் வாதத்தை முடித்து வைத்தது.

உடைவதும் களவு போவதும் மட்டும் ஆபத்து அல்ல. பொருள் வெளியூரில் இருக்கும்போது சொந்த ஊரின் அரசியலே மாறிவிடலாம். 2014 பெப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில், அப்போது உக்ரேனிடம் இருந்த கிரிமியாவின் பழங்காலப் பொன் அணிகள் காட்சிக்கு வந்தன. அடுத்த மாதமே கிரிமியாவை ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்டது. பொருள்களைக் கடன் கொடுத்த கிரிமிய அருங்காட்சியகங்களுக்குத் திருப்புவதா, உக்ரேன் அரசுக்குத் திருப்புவதா என்ற வழக்கு ஒன்பது ஆண்டுகள் நடந்து, 2023 ஜூனில் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் உக்ரேனுக்கே என்று தீர்த்தது. சில மாதக் கடன் ஒரு தலைமுறைப் பள்ளி வாழ்க்கை அளவுக்கு நீண்டுவிட்டது.

நாம் எப்போதும் கேட்கும் பக்கத்திலேயே நிற்பவர்கள் அல்லர். கொடுக்கும் பக்கத்திலும் நின்றிருக்கிறோம். இலங்கையின் வெண்கலச் சிற்பங்கள் 1992-93 இல் வாஷிங்டனின் சாக்லர் காட்சியகத்துக்குச் சென்றன. 2008 இல் டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் இலங்கையின் கலைக்கென்றே ஒரு பெருங்கண்காட்சி நடத்தியது. பழம்பொருள் எதையும் அனுமதிப்பத்திரமின்றி நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது என்பதை 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் உறுதி செய்கிறது. வெளிநாட்டார் தேடிக் கேட்கும் இந்தப் பொருள்களை, கொழும்புக் கறுவாத்தோட்டத்து நூதனசாலையில் வரிசையில் நிற்காமலே நாம் பார்க்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார். பொலன்னறுவையின் முதலாம் இலக்கச் சிவாலயப் பகுதியில் 1907-08 காலத்தில் தோண்டி எடுக்கப்பட்ட வெண்கலங்கள் அங்கே இருக்கின்றன: நடராசர், உமை, சுந்தரர், மெலிந்த உடலும் கையில் தாளமுமாகக் காரைக்கால் அம்மையார். இவை சோழநாட்டில் வார்க்கப்பட்டு வந்தவையா, பொலன்னறுவையிலேயே வார்க்கப்பட்டவையா என்பது அறிஞர்களுக்குள் நெடுங்காலமாக நடக்கும் விவாதம். 1914 இல் இவற்றைப் பற்றி நூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி, அந்த நூதனசாலை திறக்கப்பட்ட அதே ஆண்டில் கொழும்பில் பிறந்தவர். பின்னாளில் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஆசியக் கலையைக் காத்தவர்.

அதே கட்டடத்தில் காலியின் மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹே 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனாவில் வெட்டுவித்துக் கப்பலில் கொண்டுவந்த கல் அது. சீன எழுத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. 1911 இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோதுதான் ஒரு பொறியியலாளர் கண்ணில் பட்டது. கண்டி அரசர்களின் சிம்மாசனமும் பயணப்பட்ட பொருளே. 1693 இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசளித்தது. 1815 இல் ஆங்கிலேயர் எடுத்துச் சென்றது. 1934 இல் திரும்பி வந்தது. 1765 இல் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் கொள்ளையிட்ட லெவ்கே பீரங்கியும் வாள்களும் உட்பட ஆறு பொருள்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து 2023 இன் இறுதியில் கொழும்பு வந்து சேர்ந்தன. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்து, முன்னாள் ஆளுநர் பிரவுன்ரிக் 1830 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த தாரா தேவி சிலை மட்டும் இன்னும் லண்டனில் இருக்கிறது. கொழும்பில் அதன் பிரதியைப் பார்க்கலாம்.

இங்கே பிரதி என்று சொன்னேன். உங்கள் இரண்டாம் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். அசற்பொருள் என்றால் அதன் விளக்க அட்டையில் எதனால் ஆனது, எந்தக் காலம், எங்கே கிடைத்தது, எந்த அருங்காட்சியகத்தின் உடைமை, அங்கே அதன் பதிவிலக்கம் என்ன என்பவை இருக்கும். கடன் கொடுத்த நிறுவனமும் தன் பக்கத்தில் அந்தக் கண்காட்சியை அறிவித்திருக்கும். ஐந்து நிமிடத்தில் இணையத்தில் சரிபார்த்துவிடலாம். பதிவிலக்கம் இல்லாமல் பெயரும் நாடும் மட்டும் எழுதியிருந்தால், அல்லது கடன் கொடுத்தவர் யார் என்ற இடம் வெறுமையாக இருந்தால், பார்ப்பது பிரதி என்று கொள்ளலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரப்பதமானி இல்லை, கூடம் எங்கும் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, கடைத்தொகுதியின் திறந்த நடுமுற்றத்தில் கண்காட்சி நடக்கிறது என்றாலும் அதே முடிவுக்கு வரலாம்.

பிரதி என்பதால் வெறுக்க வேண்டியதில்லை. 2008 இல் சூரிச்சில் தொடங்கி உலகம் சுற்றிய துட்டன்காமுன் கண்காட்சி ஒன்று, ஏறத்தாழ ஆயிரம் பிரதிகளைக் கொண்டு, கார்ட்டர் முதன்முதல் எட்டிப் பார்த்தபோது அறைகள் எப்படிக் குவிந்து கிடந்தனவோ அப்படியே அடுக்கிக் காட்டியது. அசலை வைத்து இதைச் செய்யவே முடியாது. பிரதி என்று வாசலிலேயே அறிவித்ததால் அது நேர்மையான கல்வி முயற்சி ஆயிற்று. பிரதியை அசல் போல ஒளித்து விற்பதுதான் குற்றம்.

பெரியோர் வாழ்க்கைக் கண்காட்சிகளுக்கு வேறு அளவுகோல் வேண்டும். அங்கே பொருளின் பெறுமதியை விட ஆவணத்தின் நெருக்கமே முக்கியம். நாஜிகளுக்கு மறைந்து வாழ்ந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமியின் நினைவாக ஆம்ஸ்டர்டாமில் இயங்கும் ஆன் ஃபிராங்க் இல்லம் 1996 இலிருந்து பல மொழிகளில் அனுப்பிவரும் கண்காட்சியில் அசல் நாட்குறிப்பு இருப்பதில்லை. படங்களும் எழுத்தும் கொண்ட பலகைகளே இருக்கின்றன. அவை ஒரு வகுப்பறையிலும் நிற்கும், சிறைச்சாலையிலும் நிற்கும். பல இடங்களில் மாணவர்களையே பயிற்றுவித்து வழிகாட்டிகளாக நிறுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை சுற்றும் கண்காட்சிகளில் மிகக் குறைந்த செலவில் மிக ஆழமாகப் போகும் வகை இதுதான்.

இந்த வகையை நாமே செய்யலாம் என்பது என் உறுதியான எண்ணம். 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுப்பிட்டியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்த ஒருவரின் பதிப்புரைப் பக்கங்களும் ஏட்டின் படங்களும் இருபது பலகைகளில் அடங்கும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்ட கதைக்கு, ஒரு தச்சர் செய்து தரும் யாழ்ப் பிரதியும் ஒலிப்பதிவும் போதும். "நூலகம்" என்ற இணைய மின்னூலகத்தில் எண்ணிமமாக்கப்பட்ட பழைய இலங்கைத் தமிழ்ப் பதிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இப்படி ஒன்றைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பொன்னாடையும் புகழுரையுமாக நிரப்பிவிட வேண்டாம். அவர் யாரோடு முரண்பட்டார், எதில் தோற்றார், பணத்துக்கு என்ன செய்தார் என்பதையும் காட்டினால்தான் பிள்ளைகள் நின்று வாசிப்பார்கள்.

மூன்றாவது கேள்விக்கு: பயன் உண்டு, ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதிபரின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதி, தமிழில் விளக்கக்கூடிய அலுவலர் கிடைப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் சுற்றிக் காட்ட முயல வேண்டாம். மும்மொழிக் கல்வெட்டு, பொலன்னறுவை வெண்கலங்கள், சிம்மாசனம் என்ற மூன்று இடங்களில் நின்றாலே காலைப்பொழுது போதாது. ஒவ்வொரு மாணவரும் ஒரு பொருளைத் தேர்ந்து அதற்கு நிலை அறிக்கை எழுதட்டும்: எங்கே வெடிப்பு, எந்த விரல் தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கத்தில் எழுத்து அழிந்திருக்கிறது. அந்தப் பழக்கம் வந்த பிறகு அவர்களை எந்தக் கடைத்தொகுதிக் கண்காட்சிக்கும் தயக்கமின்றி அனுப்பலாம். விளக்க அட்டையில் பதிவிலக்கம் எங்கே என்று அவர்களே கேட்பார்கள்.